அறிவர், உணர்வர், புரிந்துகொள்வர்

ஜூலை 4, 1994. திங்கள்

தேனாம்பேட்டையில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்த நோரா இன்று மூன்று சொற்களைத் தூக்கில் போட்டாள். பாடக் குறிப்பு நோட்டில் ‘நோக்கம்’ என்ற இடத்தில் இனி ‘அறிவர்’, ‘உணர்வர்’, ‘புரிந்துகொள்வர்’ கூடாது. பாடம் முடிந்ததும் மாணவி என்ன செய்வாள் என்று எழுத வேண்டும், அதுவும் கண்ணால் பார்க்கிற மாதிரி. பத்து வருடம் ஸ்டாஃப் ரூமில் என் எதிரே உட்கார்ந்து ‘அறிவர்’ என்றே எழுதியவள்தான். தலைமை ஆசிரியை ஆனதும் ஞானம்.

எனக்கு இருபத்து மூன்று வருட சர்வீஸ். என் நோட்டுகளை நம்பினால், மயிலாப்பூரில் பாதிப் பெண்கள் ஒளியியலை அறிந்து, உணர்ந்து, புரிந்தும் கொண்டிருக்கிறார்கள்.

ஜூலை 7. வியாழன்

நோட்டு கொடுக்கும் நாள். வழக்கம்போல நான் முதலில் எழுத, மற்றவர்கள் என் ‘நோக்கம்’ பத்தியைப் பார்த்து எழுதுவார்கள். தையல் டீச்சர் உள்பட.

வரைவர், கூறுவர், பட்டியலிடுவர் என்று எழுதி எழுதி எரிச்சல். சாப்பாட்டு மணிக்குப் பிறகு வரும் எட்டாம் வகுப்பு ‘பி’க்கு இப்படி எழுதினேன்: “பாட முடிவில் நாற்பது பேரில் முப்பது பேராவது விழித்திருப்பர்.” கண்ணால் பார்க்கலாம். எண்ணலாம். நோரா கேட்டது இதுதானே?

கிழித்துவிட்டு வேறு எழுதுவதாகத்தான் எண்ணம். அதற்குள் யாரோ லீவு என்று வேறொரு வகுப்புக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தால் மேசையில் ஒரு நோட்டும் இல்லை.

ஜூலை 8

ஆயா கோமளம் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “இன்னாம்மா எழுதி வெச்ச நீ? பெரியம்மா அஞ்சு நோட்டைத் தனியா எடுத்து வெச்சிக்கினு கீது. மூஞ்சே சரியில்ல.” அவளுக்கு நோராதான் பெரியம்மா.

ஐந்து நோட்டிலும் அதே வரி. ஒருத்தியும் படித்துப் பார்த்து எழுதவில்லை. தையல் வகுப்பிலும் முப்பது பேர் விழித்திருப்பார்களாம் — கையில் ஊசியோடு.

சிரித்தேன். மதியம் வரைக்கும்தான். எங்களில் நால்வர் நிரந்தரம். திட்டு வாங்கினால் போயிற்று. ஐந்தாவது நோட்டு லிண்டாவுடையது. அறிவியல் எடுக்கிற பெண், தகுதிகாண் பருவம் இந்த மாதம் முடிகிறது. அவளை நிரந்தரமாக்கும் கடிதத்தை நோரா நிறுத்தி வைத்துவிட்டாள்.

ஜூலை 11

நோராவிடம் போய், அந்த வரி என்னுடையது என்றேன்.

“தெரியும் விஜி. உன் கையெழுத்தைவிட உன் கிண்டல் எனக்கு நல்லாத் தெரியும். ஆனா படிக்காம காப்பி அடிக்கிறவளை நான் எப்படி கன்ஃபர்ம் பண்றது?”

மறுபடி மறுபடி கேட்டேன். கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்தாள். புதன்கிழமை லிண்டா தானே ஒரு நோக்கம் எழுதி, ஏழாம் வகுப்பில் நடத்திக் காட்ட வேண்டும். நோரா பார்ப்பாள். நானும் கூட உட்கார வேண்டுமாம். தண்டனை அவளுக்கா, எனக்கா?

ஜூலை 12

எழுதித் தரட்டுமா என்று லிண்டாவைக் கேட்டேன். “வேணாம் மிஸ். உங்க நோட்டைப் பாத்துதானே இப்ப இப்படி நிக்கிறேன்.”

கோபம் வந்தது. அவள் சொன்னது பொய்யாக இருந்தால் இவ்வளவு வந்திருக்காது.

ஜூலை 13

லிண்டா எழுதியிருந்தது: “ஒவ்வொரு மாணவியும் பக்கத்திலிருப்பவளுக்குத் தெர்மாமீட்டர் வைத்து, அளவைச் சரியாகப் படித்துச் சொல்வாள்.” முப்பத்தெட்டு பெண்கள், ஆறு தெர்மாமீட்டர். உதறுவதும் துடைப்பதும் கூச்சலுமாக ஒரே சந்தை. பாதியில் மணி அடித்துவிட்டது.

“முடிஞ்சுதா?” என்றாள் நோரா.

நானாக இருந்தால் “ஓரளவு” என்று மழுப்பியிருப்பேன்.

“இல்ல மிஸ். ஒவ்வொருத்தியும்னு எழுதியிருக்கேன். ஏழு பேர் இன்னும் படிக்கல.” ஏழு பெயரையும் சொன்னாள்.

நோரா எழுந்து போனாள். போச்சு, என்னால் இந்தப் பெண்ணின் வேலை போச்சு.

வீட்டுக்கு வந்தும் அந்த ஏழு பெயர்களே. இருபத்து மூன்று வருடத்தில் என் வகுப்பில் விட்டுப்போனவர்கள் யார்? ஒரு பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஜூலை 14

சரியாகத் தூங்கவில்லை. கொசு என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 22. வெள்ளி

லிண்டாவுக்குக் கடிதம் வந்துவிட்டது. வாங்கித் தேதியைப் பார்த்தேன். ஜூலை 13, அந்த வகுப்பு நடந்த அதே நாள்.

எட்டாம் வகுப்பு ‘பி’யில் இன்று புதுப் பாடம் எடுக்கவில்லை. போன வாரம் நான் பிரமாதமாக நடத்திய பிரதிபலிப்பை வரைந்து காட்டச் சொன்னேன். நாற்பதில் பதினொரு பேர்தான் சரியாக வரைந்தார்கள்.

மீதி இருபத்தொன்பது பெயர்களையும் நோட்டில் எழுதி, “திங்கள், மறுபடி” என்று போட்டேன். இரண்டு பக்கம் ஆயிற்று. நோரா கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறாள். வேறொன்றும் எழுதவில்லை.