வெளித் தாழ்ப்பாள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. சிறையில் உன் முதுகுவலி இப்போது எப்படி இருக்கிறது? உன் கடிதம் வந்து வெகுநாளாகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் உன் மருமகள், என் மகள்தான்.

போன வாரம் பள்ளியில் கூப்பிட்டார்கள். சறுக்குமர ஏணியில் முன்னால் போன பிள்ளை மெதுவாக ஏறினாளாம். இவளுக்குப் பொறுக்கவில்லை, காலைப் பிடித்து இழுத்துவிட்டாள். அந்தக் குழந்தைக்குத் தாடையில் தையல். ஏண்டி இப்படிப் பண்ணினே என்றால், "நான் இல்லம்மா, என் கை" என்கிறாள். நீதிமன்றத்தில் நீயும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னாய். வண்டி நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை, ஒரே ஒரு தள்ளு. விழுந்த மனிதர் எழுந்திருக்கவே இல்லை.

"அப்படியே மாமனை உரிச்சு வெச்சிருக்கா" என்று மாமியார் சொல்லியே விட்டார். மறுநாள் என் வீட்டுக்காரர் கடைக்குப் போய், அவள் அறைக் கதவின் வெளிப்பக்கம் போட ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தார். கோபம் வந்தால் உள்ளே விட்டு அடைத்துவிடலாமாம், தானாக அடங்குவாளாம். நம் வீட்டில் வெளியே தாழ்ப்பாள் இருந்த ஒரே அறை உன்னுடையதுதானே? உள்ளே நீ கத்துவாய். பிறகு சத்தம் நின்றுவிடும். பையன் அடங்கிட்டான் என்று அப்பா பேப்பரை விரிப்பார்.

கல்லூரியில் படித்த உளவியல் புத்தகங்களைப் புரட்டினேன். சிறு வயதில் தன்னை அடக்கத் தெரியாத பிள்ளை வளர்ந்தால் என்ன ஆகும் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. அடைபட்ட பிள்ளை உள்ளே என்ன நினைக்கும் என்று ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை.

இன்னொன்று. இழுத்துவிட்டு இவள் ஓடவில்லை. அந்தக் குழந்தையின் கழன்ற ஷூவைக் கையில் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றாளாம். நீயும் ஓடவில்லை என்று போலீஸ்காரரே சொன்னார். உங்கள் இருவருக்கும் அந்த நல்ல மனசு ஏன் ஒரு நிமிடம் பிந்தியே வருகிறது?

ஞாயிற்றுக்கிழமை தச்சர் வருகிறார். தாழ்ப்பாள் என் கைப்பைக்குள் கிடக்கிறது. இவர் வீட்டையே கவிழ்த்துத் தேடுகிறார். எத்தனை நாள் மறைப்பேன்? சத்தம் நின்ற பிறகு அந்த அறைக்குள் என்ன செய்துகொண்டிருந்தாய், அண்ணா? கதவைத் திறந்து யார் என்ன சொல்லியிருந்தால் உனக்குப் போதுமாக இருந்திருக்கும்? மறைக்காமல் எழுது. இவரிடம் படித்துக் காட்ட வேண்டும்.

மாமாவுக்கும் கோபம் வருமா, வந்தால் யார் பக்கத்தில் உட்காருவார்கள் என்று உன் மருமகள் கேட்கச் சொன்னாள். அதற்கும் நீயே பதில் எழுது.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் தங்கை