வடம் பிடிக்க ஆள் தேவை

இஞ்சாருங்கோ,

போன திங்கட்கிழமை காலை எங்கள் படலைக்கு முன்னால் ஒரு லொறி வந்து நின்றது. பாலம் தாண்டி வந்த லொறி. சாரதிக்கு வழி தெரியவில்லை. குசினியில் நின்றபடியே கையைக் காட்டி அனுப்பியிருப்பேன். அதற்குள் மணம் வந்துவிட்டது. புதுத் தும்புக் கயிற்றின் மணம். வெளியே வந்து பார்த்தால் லொறித் தட்டு நிறையத் தேர்வடம் சுருட்டிக் கிடந்தது.

"கோயில் தேருக்கு அம்மா. கனடாக்காரர் ஆரோ வாங்கிக் குடுத்தது" என்றான் சாரதி.

"இழுக்கிறதுக்கும் கனடாவிலை இருந்து ஆக்களை அனுப்புவினமோ?" என்று கேட்டேன். அவனுக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கியிருக்கும். விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். பிறகு அதை வைத்தே அவனுக்கு ஒரு மணித்தியாலம் உரிமை பற்றிப் பேசியிருப்பீர்கள். என் சோறு அடிப்பிடித்திருக்கும்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்களோடு சண்டை பிடிப்பது பெரிய கரைச்சலாக இருக்கிறது. பதில் வராதபடியால் இரண்டு பக்கத்துக்கும் நானே கதைக்க வேண்டியிருக்கிறது. எழுதிவிட்டால் என் பக்கத்தையாவது ஒழுங்காகச் சொல்லி முடிக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வடத்தில் ஒரு தரம் கை வைப்பதற்காக நீங்கள் பட்ட பாடு இப்போது இந்தப் புங்குடுதீவில் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் தெரு ஆட்களின் சாதிப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. நீங்கள் இருந்தவரை அந்தச் சொல்லை வீட்டுக்குள் சொல்ல விட்டதில்லை. இப்போது மட்டும் ஏன்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து நீங்கள் சொல்லிச் சொல்லி, நானே பக்கத்தில் இருந்து பார்த்ததுபோல் ஆகிவிட்ட கதை ஒன்று உண்டு. இளந்தாரியாக இருந்தபோது யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்து வாசலில், மொழி உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் இருக்கப் போனீர்கள். பக்கத்தில், ஒரே பாயில், எங்கள் ஊர்க் கோயில் சபைத் தலைவர். இப்போதைய தலைவரின் தகப்பன். இரண்டு பேரும் சேர்ந்தே அடி வாங்கினீர்கள். ஒரு பாணைப் பிய்த்து இரண்டு பேரும் தின்றீர்கள். "நாங்கள் இந்த நாட்டின்ரை சரிசமமான குடிமக்கள்" என்று அவர் எழும்பிப் பேசியபோது எல்லாரையும்விடச் சத்தமாகக் கை தட்டியது நீங்கள்தானாம். ஊருக்குத் திரும்பி, அந்த வருசத் திருவிழாவுக்குக் கோயில் வாசலுக்குப் போனால் அதே மனிதர், "தம்பி, நீர் அந்த வேம்படியிலை நில்லும்" என்றார்.

"ஐயா, சரிசமம் எண்டு சொன்னனீங்கள்?"

"அது கொழும்புக்குச் சொன்னது தம்பி. இது கோயில்."

அதற்குப் பிறகு எத்தனை பெரிய மனிதர்களின் வாசலில் போய் நின்றீர்கள். எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "முதலிலை நாட்டுப் பிரச்சினை முடியட்டும். பிறகு உங்கடை பிரச்சினையைப் பாப்பம்." சால்வையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு அவர்களைப் போலவே நடித்துக் காட்டுவீர்கள். நான் சிரிப்பேன். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

பிறகு, கோயிலுக்குள் யாரையும் மறிக்கக் கூடாது என்ற சட்டத்தை இறுக்கினார்கள். நீங்கள் மனுமேல் மனு எழுதினீர்கள். கோயில் கதவு திறந்தது. நானும் உங்களோடு முதல் தரம் உள்ளே போய்க் கும்பிட்டேன். ஆனால் தேர்த்திருவிழாவன்று நீங்கள் வடத்தைத் தொட்டதும் முன்னால் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்து, "உள்ளுக்கை வாறது சட்டம். வடம் தொடுறது வழக்கம். எடும் கையை" என்றார். நீங்கள் எடுக்கவில்லை. அவர்கள் எல்லாரும் எடுத்தார்கள். வடத்தை அப்படியே தெருவில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

தேர் வடக்கு வீதியில் நடுவெயிலில் நின்றது. மேலே இருந்த ஐயர் இறங்குவதா விடுவதா என்று தெரியாமல் வியர்த்துக்கொண்டிருந்தார். நீங்களும் எங்கள் தெரு ஆட்களும் இழுத்துப் பார்த்தீர்கள். அசையவில்லை. ஊர் முழுக்கச் சேர்ந்து இழுக்கிற தேர், ஒரு தெரு ஆட்கள் இழுத்தால் எப்படி அசையும்? பின்னேரம் பொலிஸ் வந்து உங்களை ஜீப்பில் ஏற்றிய பிறகுதான் அவர்கள் திரும்பி வந்து இழுத்தார்கள். சாமியை வெயிலில் காய விட்டவர்கள் அவர்கள். கோயில் தேரை மறித்தவர் என்ற பெயர் உங்களுக்கு.

அதிலிருந்து எங்கள் விறாந்தையில் ஓயாத கூட்டம். கோயில் சபையில் உறுப்புரிமை வேண்டும், பொதுக்கூட்டத்தில் வாக்கு வேண்டும், அது இல்லாமல் வடம் மட்டும் கிடைத்துப் பயனில்லை என்று நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். சரியாகத்தான் கண்டுபிடித்தீர்கள். "வாக்கு இல்லாதவன் விருந்தாளி. விருந்தாளியை எப்பவும் எழும்பிப் போ எண்டு சொல்லலாம்" என்று நீங்கள் சொன்னது எனக்கு இன்றைக்கும் பாடம். அப்போது நான் குசினியில் சமத்துவத்துக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். தட்டத்தைக் கொண்டுவந்து வைக்கும்போது கேட்டேன்: "உறுப்புரிமை எண்டு கேக்கிறியள். அதிலை பொம்பிளையளுக்கும் வருமோ?"

வந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை, அதை நான் மறுக்கவில்லை. மிகவும் அன்பாகத்தான் சொன்னீர்கள். "முதலிலை இது முடியட்டும். பிறகு அதைப் பாப்பம்."

தோளில் சால்வை ஒன்றுதான் குறை. கொழும்புக்கு ஒரு நியாயம் கோயிலுக்கு ஒரு நியாயமா என்று நாட்டையே கேட்ட மனிதருக்குத் தன் வீட்டு விறாந்தையில் தான் சொல்வது காதில் விழவில்லை. எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் சுண்டலுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். எல்லாரும் பேசாமல் தின்றார்கள்.

பிறகு யுத்தம். தீவையே விட்டு ஓடினோம். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தலைவர் குடும்பம் ஒரு பக்கம், நாங்கள் மறுபக்கம், நடுவில் மறைப்புக்கு ஒரு சேலை. தண்ணீர்த் தாங்கியும் ஒன்று, மலசலகூடமும் ஒன்று. "பார், எல்லாம் முடிஞ்சுது. இனிச் சாதி எண்டு ஒண்டு இல்லை" என்று எனக்குக் குசுகுசுத்தீர்கள். உங்களைப்போல் சட்டென்று நம்பிவிடுகிற போராட்டக்காரரை நான் காணவில்லை. ஊர் திரும்பியபோது அவர்கள் கூரை வேய்வதற்கு முன்னமே வேலியை அடைத்தார்கள்.

இப்போது அந்த வேலிகளுக்கு உள்ளேயும் ஆள் இல்லை. ரொறன்ரோ, லண்டன், பாரிஸ். அங்கிருந்து காசு வருகிறது. கோபுரம் வருசத்துக்கு வருசம் உயருகிறது. கும்பிட வருகிறவர்கள் குறைகிறார்கள். போன வருசம் தேர் இழுக்கப் படை முகாமில் இருந்து சீருடைக்காரரைக் கூப்பிட்டார்கள். எங்கள் தெரு கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது, எங்களைக் கூப்பிடவில்லை. அந்தப் பெடியள் பாவம், சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு நன்றாகத்தான் இழுத்தார்கள். படத்தைப் பார்த்து, காசு அனுப்புகிற வெளிநாட்டு ஊர்க்காரர் ஏசினார்களாம். அதனால்தான் இந்த வருசம் தலைவருக்கு எங்கள் தெரு கண்ணில் பட்டிருக்கிறது.

புதன்கிழமை வந்தார். உங்கள் கதிரையில் இருந்தார். தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார். குடிப்பதே எனக்குச் செய்கிற உபகாரம் என்ற முகம்.

"அக்கா, உங்கடை பக்கத்துப் பெடியளைத் தேருக்கு அனுப்பினால் நல்லது. சும்மா இல்லை, நாள் சம்பளம் போட்டுத் தருவம். சாப்பாட்டுப் பார்சலும் இருக்கு."

வடத்துக்காக ஜீப்பில் ஏறிய மனிதரின் வீட்டில் இருந்துகொண்டு சம்பளம் பேசுகிறார். எனக்கு வாய் அடைத்துப் போய்விட்டது. அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

"அண்ணை இருந்திருந்தால் உடனை ஓம் எண்டிருப்பார்" என்றார்.

"அவர் இல்லை. நான் இருக்கிறன். என்னட்டைக் கேளுங்கோ" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கூலிக்கு வர ஏலாது. உறுப்பினராய் எண்டால் வருவினம்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அது கனடாவிலை இருக்கிற உறுப்பினரோடையும் கதைக்கவேணும் அக்கா." கோயில் வாசலைக் கண்டு முப்பது வருசமானவர்களுக்கு வாக்கு இருக்கிறது, மணிச்சத்தம் கேட்டு எழும்புகிற எனக்கு இல்லை. பிறகு அவராகவே இறங்கி வந்தார். "சரி, ஆம்பிளையளுக்கு எண்டால் நான் ஒரு மாதிரிச் செய்விப்பன்."

"பொம்பிளையளுக்கு?"

"எங்கடை ஆக்களிலையே பொம்பிளையளுக்கு இல்லையே!"

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். அன்றிலிருந்து எங்கள் தெருவில் உங்களை வைத்தே சண்டை. செத்த தலைவர்களால் இதுதான் தொல்லை. எந்தப் பக்கத்துக்கும் ஒரு வாசகம் விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். "கிடைச்சதைப் பிடி, மிச்சத்துக்குச் சண்டை பிடி எண்டு அண்ணை சொன்னவர்" என்கிறது ஒரு கூட்டம். "அரைக் கதவாலை போக நான் பூனையே எண்டும் அண்ணைதான் சொன்னவர்" என்கிறது மற்றக் கூட்டம். இரண்டையும் நீங்கள்தான் சொன்னீர்கள். இரண்டாவதை, என் சமையல் ருசியில்லை என்று சொல்லி, கடைச் சாப்பாடும் வேண்டாம் என்று மறுத்த அன்றும் சொன்னீர்கள். ஒரு மனிதர் சொன்ன எல்லாவற்றையும் கல்லில் வெட்டினால் இப்படித்தான் வரும்.

வேலணையில் படிப்பிக்கிற எங்கள் மகள் சனிக்கிழமை வந்தாள். எனக்குச் சார்பாக நிற்பாள் என்று நம்பியிருந்தேன்.

"அம்மா, அப்பா ஆயுசு முழுக்கக் கேட்டது இது. இப்ப கைக்கு வந்திருக்கு. நீங்கள் மாட்டன் எண்டால் அதுவும் போயிடும். முதலிலை ஆம்பிளையளுக்கு எடுப்பம். பிறகு…"

"அந்தப் 'பிறகு' எப்ப வாறது எண்டு ஒருக்கால் சொல்லு பிள்ளை" என்றேன். படித்தவள், பள்ளிக்கூடத்தில் குடியியல் படிப்பிக்கிறவள். ஆனால் அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது; அதுதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடாமல் வைத்தது. நான் பிடிவாதம் பிடித்து, நீங்கள் கேட்டுக் கேட்டுச் செத்த ஒன்றை எங்கள் பெடியளுக்கு இல்லாமல் செய்துவிட்டால்? உங்களை நினைத்து அழுதேன், பிறகு ஏசினேன். இப்படி ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டிய நேரத்தில்தானா போய்ச் சேரவேண்டும்?

இன்று பின்னேரம் படலையில் ஒரு குடை தெரிந்தது. தலைவரின் மனைவி. ஒரு நாளும் எங்கள் தெருவுக்குள் காலடி வைக்காதவ. விறாந்தைக்கு வந்தும் இருக்கவில்லை.

"நான் வந்தது இவருக்குத் தெரியாது அக்கா. பொம்பிளையளுக்கும் உறுப்புரிமை வேணுமெண்டு கேட்டனீங்களாம். அது உங்கடை தெருப் பொம்பிளையளுக்கு மட்டுமோ?"

"ஏன் கேக்கிறியள்?"

"கலியாணம் முடிச்சு வந்த நாளிலை இருந்து மடப்பள்ளிக்கு மா இடிச்சுக் குடுக்கிறன். கூட்டம் எண்டால் மண்டபத்தைக் கூட்டிப் பாய் விரிச்சுப் போட்டு வெளியிலை வந்திடவேணும். கனடாவிலை இருக்கிற என்ரை மைத்துனருக்கு வாக்கு இருக்கு. எனக்கு…"

எனக்கு அவவில் இரக்கம் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். தேர் வெயிலில் நின்ற அன்று கதவைச் சாத்திய வீட்டு மருமகள் இவ. பள்ளிக்கூட மண்டபத்தில் சேலைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்து, என் கையால் ஒரு கோப்பை தண்ணீர் வாங்காதவ. இத்தனை வருசம் இல்லாத ஞானம் இப்போது எங்கிருந்து வந்தது என்று கேட்க வாய் உன்னியது. அதைவிட மோசமான ஒன்றும் நாக்கு நுனிவரை வந்தது. முதலிலை எங்கடை பிரச்சினை முடியட்டும், பிறகு உங்கடையைப் பாப்பம்.

அந்த வசனம் எவ்வளவு சுகமாக வருகிறது தெரியுமா? சொல்கிறவருக்கு ஒரு பாரமும் இல்லை. நீங்கள் அன்றைக்கு அதை எப்படி அவ்வளவு அன்பாகச் சொன்னீர்கள் என்பது இவ்வளவு காலத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. உங்கள்மேல் இருந்த கோபத்தில் ஒரு பாதி அந்த இடத்திலேயே கழன்றது. மறுபாதி இருக்கட்டும், எனக்கும் ஏதாவது வேண்டும்.

"உங்களுக்கும்தான்" என்றேன். "ஆனால் தனியாய்க் கேக்க என்னாலை ஏலாது. ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டத்துக்கு நீங்களும் என்னோடை உள்ளுக்கை வரவேணும். தெருப் பெடியளுக்கும் எங்களுக்கும் சேர்த்து ஒண்டாய்க் கேப்பம்."

அவ வெளிறிப் போனா. குடையை விரித்தா, மடக்கினா. படலைவரை போய்த் திரும்பி வந்தா.

"உள்ளுக்கை போய் எங்கை இருக்கிறது அக்கா? பொம்பிளையள் இருக்கிறதுக்கு அங்கை இடம் இல்லையே."

எங்கே இருப்பது என்று நான் மட்டும் கண்டேனா? அந்த மண்டபத்துக்கு எத்தனை பாய் பிடிக்கும் என்று அவவுக்குத் தெரியும். எனக்கு அதுகூடத் தெரியாது.

"முன்னுக்கு இருப்பம்" என்றேன்.