அடித்து எழுதிய எண்

மார்ச் 11

வேதியியல் செய்முறைத் தேர்வு முடிந்தது. பியூரெட் என்ற அளவுக் குழாயில் எனக்கு 18.4 மில்லி வந்தது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் 18.4. பக்கத்து மேசையில் வகுப்பின் முதல் மாணவி 21.6 என்று எழுதியிருந்தாள். அவளுக்குத் தப்பாகுமா? என்னுடையதை அடித்துவிட்டு 21.6 எழுதினேன்.

மார்ச் 27

ஃபெயில்.

மார்ச் 28

ஆசிரியை விடைத்தாளைக் காட்டினார். "ஒவ்வொரு மேசைக்கும் வேற வேற கரைசல் குடுத்தோம்மா. நீ அடிச்சியே, அதுதான் சரி."

அழக்கூட வரவில்லை. சொந்தக் கண்ணை நம்பாதவளுக்கு வேதியியல் ஒரு கேடா?

ஏப்ரல் 2

அப்பாவிடம் சொன்னேன். "விடும்மா. நம்ம ஜெராக்ஸ் கடைக்கு ஆள் வேணும். நமக்கு வர்றதைச் செய்வோம்." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏற்கெனவே எதிர்பார்த்தவர் மாதிரி சொன்னார். நகல் எடுப்பது குடும்பத் தொழில். தேர்விலும் அதைத்தானே செய்தேன்.

ஏப்ரல் 9

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பயிற்சி வேலைக்கு விளம்பரம் வந்திருக்கிறது. மூன்று வருடமாக இதை நினைத்துத்தான் படித்தேன். விண்ணப்பிக்க முப்பதாம் தேதி கடைசி. அன்றைக்கே துணைத் தேர்வு. அதில் தேறினால் எடுத்துக்கொள்வார்களாம். மறுபடியும் கோட்டை விட்டால்? படிவத்தில் பெயர் எழுதினேன், கிழித்தேன். இன்னொன்று. அதையும் கிழித்தேன். என்னால முடியாது. முடியாதுன்னா முடியாது. இதை யார்கிட்ட போய்ச் சொல்றது?

ஏப்ரல் 16

படிக்கவில்லை. சாப்பிடவில்லை.

ஏப்ரல் 21

அக்கா வந்தாள். குப்பைக் கூடையில் கிழிந்த படிவங்களைப் பார்த்துவிட்டாள். உபதேசம் வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்டது இதுதான்:

"அந்த 18.4, மூணு தடவையும் அதேதான் வந்துச்சா?"

"ஆமா."

"அப்புறம் என்னடி?"

போகும்போது அப்பா கடையில் எடுத்த புதுப் படிவம் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 30

படிவத்தைக் கொடுத்துவிட்டுத்தான் தேர்வுக்குப் போனேன். 23.1. மறுபடி 23.1. மூன்றாவது முறையும் அதே. எழுதினேன்.

பக்கத்து மேசைப் பெண் என் தாளை எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. தன் எண்ணை அடிக்கப் பேனாவை எடுத்தாள்.

"அடிக்காத," என்றேன். "உன் கரைசல் வேற."

மேற்பார்வையாளர் திரும்பி முறைத்தார். முறைக்கட்டும்.