விரலில் ஒட்டாத உப்பு

ஷார்ஜா,
8.3.2006

அன்புள்ள அப்பாவுக்கு, தனசேகரன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மூட்டுவலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் கொதிக்கிறது.

நீங்கள் தொடங்குவதாகச் சொன்ன உப்பு அரவை மில்லுக்கு, என்னை நம்பி என் அறையில் இருக்கும் பதினொரு பேரும் பணம் போட்டார்கள். மில்லில் அரைத்த முதல் உப்பில் ஆளுக்கு ஒரு பாக்கெட் தருவதாகச் சொன்னீர்கள். போன வாரம் பாக்கெட்டுகள் வந்தன. கிளியனூர் சதீஷ் அன்றைக்கே குழம்பில் போட்டு, "மில்லு ஓட ஆரம்பிச்சிடுச்சு பாருங்கடா! நம்ம ஊரு உப்பு, ருசியே தனி" என்று எல்லோருக்கும் ஊற்றினான். அவர்கள் ஊரில் நெல் விதைத்தவர்கள், நம்பிவிட்டார்கள். நான் எட்டு வருஷம் உப்பளத்தில் வாரினவன். நம் உப்பை அரைத்தாலும் ஈரம் கசியும், விரலில் ஒட்டும். இது மணல் மாதிரி உதிர்கிறது. கடையில் வாங்கிய தூள் உப்பை வேறு பையில் மாற்றிக் கட்டினால் எனக்குத் தெரியாதா?

மில் வரவில்லை என்றால் வரவில்லை என்று எழுதியிருக்கலாமே! போட்டது திரும்பாமலும் போகலாம் என்று தெரிந்துதான் போட்டார்கள். பொய் கேட்பதற்காக யாரும் போடவில்லை.

வெள்ளிக்கிழமை என் சமையல் முறை. சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரிடமும் சொல்லிவிடுவேன். இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கும்போது அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

வேலைக்குப் போகும் பஸ் ஹாரன் அடிக்கிறது. அடுத்த மாதம் சதீஷின் மாமா இங்கே வருகிறார். அவர் கையில் நம் பாத்தி உப்பு ஒரு பிடி கொடுத்தனுப்புங்கள் அப்பா.

அதையும் கடையில் வாங்கிவிடாதீர்கள்.

தனசேகரன்