பதினைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில்

வத்தேகமத் தேயிலைத் தொழிற்சாலைக்கு நாம் எழுதிக் கொடுத்த புரோகிராமைத் திருத்தித் தரும்படி அங்கே தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் புதிய டீமேக்கர் கேட்டிருந்தார். இன்று காலை அந்தப் பழைய கோப்பைத் திறந்தேன். நூற்றுப் பன்னிரண்டாவது வரியில் நீ இருந்தாய். இடைவெளி விடாமல், குறிப்பு எழுதாமல், அவசரத்தில் தட்டிய ஒற்றை வரி. என் வரிகள் அப்படி இருக்காது. எது எதற்கென்று மேலே எழுதிவைப்பவன் நான்.

அது செய்வது சின்ன வேலை. வரைபின் நிலைக்குத்து அச்சு பதினைந்து டிகிரியில் தொடங்கி முப்பத்தைந்தில் முடியட்டும் என்கிறது. அந்த வரிக்காக உன்னோடு ஆறு வருடம் பேசாமல் இருந்தேன்.

கொழுந்து வாட்டும் மாடியில் சென்சரைக் கட்டி, வயரைக் கூரையோரமாக இழுத்தது நீ. தெல்தோட்டையில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். எந்தத் தொழிற்சாலையிலும் கேட்காமலே ஏணி எடுப்பாய். திரை என் பொறுப்பு. இரண்டு செக்கனுக்கு ஒரு வெப்ப அளவு வரும். கடைசி நூறு அளவுகளை வைத்துக்கொண்டு பழையதைத் தள்ளிவிட்டுக் கோட்டை மறுபடி வரைய வேண்டும். கோடு இடப்பக்கமாக ஓடிக்கொண்டே இருக்கும். வரும் அளவுக்கு ஏற்ப அச்சு தானாக விரியவும் சுருங்கவும் விட்டிருந்தேன். கோடு திரை நிறையத் துள்ளியது. எனக்கு அது பிடித்திருந்தது.

"மச்சான், அச்ச கட்டிப் போடு. ஒண்ணுமில்லாததுக்கும் குதிக்கும்" என்றாய். உனக்கு ரசனை கிடையாது என்றேன்.

புரோகிராமை ஓட்டிக் காட்டும் நாளன்று முதலாளி, டீமேக்கர், கொழுந்து கொட்டும் பெண்கள் எல்லோரும் திரை முன் நின்றார்கள். யாரோ பக்கக் கதவைத் திறந்தார்கள். கோடு அடியிலிருந்து உச்சிக்குப் பாய்ந்தது.

"ஐயோ, கொழுந்து கருகுது! சூட்டுக் காத்த நிப்பாட்டு!" என்று டீமேக்கர் மாடிப்படியை நோக்கி ஓடினார்.

நீ சிரித்தாய். "ஓடாதீங்க ஐயா, அரை டிகிரிதான். இவன் படத்துல எறும்பும் யானை மாதிரி தெரியும்." என் கையை ஒதுக்கிவிட்டு அந்த வரியைத் தட்டினாய். கோடு கயிறுபோல் நேராகப் படுத்தது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி உன் தோளில் தட்டினார். எட்டு மாதம் நான் எழுதிய வேலையில் அவர்கள் ஞாபகம் வைத்துக்கொண்டது அந்தச் சிரிப்பை மட்டும்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ பிடித்து வைத்த இடத்தில் நான் உட்காரவில்லை.

பிறகு எத்தனையோ தடவை போன் எடுத்தாய். ஒரு ஞாயிறு என் மஹய்யாவ வீட்டுக்கே வந்தாய். நான் இல்லை என்று சொல்லும்படி மனைவியிடம் சொல்லிவிட்டு உள்ளே கதிரையில் இருந்தேன். இருமல் வந்துவிட்டது.

வாசலில் நின்ற உனக்கு அது கேட்டிருக்கும். "பரவாயில்ல தங்கச்சி, அவன் வந்தா நான் வந்தேன்னு சொல்லுங்க" என்றாய். எனக்குக் கேட்கட்டும் என்று சற்று உரக்கவே சொன்னாய். உன் செருப்புச் சத்தம் படியிறங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது வெற்றி பெற்றதுபோல் இருந்தது.

அதிலிருந்து நான்கு மாதத்தில் நீ போய்விட்டாய். சாவு வீட்டில் உன் மனைவியிடம், அன்றைக்கு எதற்காக வந்தான் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லண்ணே, சும்மா பார்க்கத்தான்" என்றார். ஏதாவது காரணம் இருந்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன். காரணம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

நீ எழுதிய வரி சரி. அதை எல்லோர் முன்னாலும் எழுதியது சரியில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல எனக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நீ மட்டும்தான். கோபம் இன்னும் இருக்கிறது, கொடுக்கத்தான் இடமில்லை.

மனைவி இப்போது கொழும்பில் மகளோடு இருக்கிறாள். வாசலில் காலடி கேட்டால் செய்துகொண்டிருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து போகிறேன், தட்டும் முன்பே கதவைத் திறந்துவிடுகிறேன். அநேகமாகக் கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவர்தான். போன மாதம் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு, "யாரும் வர இருக்காங்களா சேர்?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவர் எழுதி முடித்துப் போகும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.