வெட்டிய மாத்திரை அட்டையும் நீ மறைத்த தப்புகளும்

சண்டை போட ஆளில்லாமல் என்னை விட்டுப்போன என் சேகர் அண்ணாவுக்கு,

ஒரு வருஷத்துக்குப் பிறகு இந்த மாதம்தான் நிம்மதியாகச் சாப்பிடுகிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ செத்ததற்கு நான்தான் காரணமோ என்று இத்தனை நாளாகப் பயந்து செத்துக்கொண்டிருந்தேன், அண்ணா.

டாக்டர் ஹார்ட் அட்டாக் என்றுதான் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். ஆனால் அன்று காலையிலும் நீ என் செயலியைத்தான் கையில் வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். மாத்திரை அட்டையைப் போனுக்கு முன்னால் பிடித்தால், இது இன்ன மாத்திரை என்று தமிழில் சொல்லும் செயலி. பார்வையில்லாதவர்களுக்காக எங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் செய்தது. சர்க்கரை உன் கண்ணைப் பறித்த பிறகு, அதை முதல் ஆளாக உன் கையில் கொடுத்தவள் நான். அது தப்பாகச் சொல்லி, அதை நம்பி நீ விழுங்கியிருந்தால்? இதை யாரிடம் போய்க் கேட்பது? கேட்கவே இல்லை. அண்ணியைப் பார்ப்பதையே குறைத்துக்கொண்டேன்.

போன மாதம் செயலியை ஊருக்கெல்லாம் கொடுக்க நாள் குறித்தார்கள். நம்பத்தகுந்த செயற்கை நுண்ணறிவு என்று கதவில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம் இல்லையா? அதனால் எங்களிடம் ஒரு விதி உண்டு. வெளியே விடுவதற்கு முன், சோதித்துப் பார்த்த ஒவ்வொருவருடைய பதிவையும், அதாவது அவர்கள் காட்டிய படங்களையும் செயலி சொன்ன பதில்களையும், இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். உன்னுடையதை மட்டும் நான் தள்ளித் தள்ளிப் போட்டேன். கூட வேலை பார்க்கும் நஸீமா விடவில்லை. "அக்கா, உங்க அண்ணன் ஃபைல் ஒண்ணுதான் பாக்கி. தொறந்துடலாமா?" என்றாள்.

திறந்தோம். உன் கடைசி நாள் காலை. முதலில் செயலி ஒரு சர்க்கரை மாத்திரையைச் சரியாகப் படித்திருந்தது. கால் மணி நேரம் கழித்து நீ காட்டியது ஒரு துண்டு அட்டை. மருந்துக்கடையில் நாலு மாத்திரை கேட்டால் கத்தரிக்கோலால் வெட்டித் தருவார்களே, அது. பெயரில் பாதி போயிருந்தது. படத்தைப் பார்த்த எங்களுக்குத் தெரிந்துவிட்டது, அதுவும் சர்க்கரை மாத்திரைதான். செயலியோ கொஞ்சமும் தயங்காமல், "இது பிரஷர் மாத்திரை" என்று சொல்லியிருக்கிறது. அதை நம்பி விழுங்கியிருந்தால் சர்க்கரை மாத்திரை இரட்டையாகி, உனக்குச் சர்க்கரை அடியோடு இறங்கியிருக்கும். நாங்கள் முழு அட்டைகளாகவே வாங்கிப் படமெடுத்து அதைப் பழக்கியிருந்தோம். இத்தனை படித்தவர்களில் ஒருத்தருக்காவது வெட்டிய அட்டை ஞாபகத்துக்கு வந்ததா? நம் வீடுகளில் அலமாரி முழுக்க அதுதானே கிடக்கிறது!

அன்று சாயங்காலமே ரயிலேறித் திருமுல்லைவாயிலில் இறங்கி, வீட்டுக்குப் போய், செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் அண்ணியிடம் கொட்டிவிட்டேன். உதைத்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

அண்ணி என்னையே பார்த்தார். "ஐய, இதுக்கா ஒரு வருஷமா மூஞ்சக் காட்டாம ஓடிகினு இருந்த? உன் மெஷினு சொன்னத அவரு எங்க நம்புனாரு! 'மல்லி, இது பிரஷர் மாத்திரைங்குது, தடவிப் பாத்தா சின்னதா கீது, நீ பாரு'ன்னாரு. நான்தான் பாத்து, அத வாங்கி வச்சிட்டு, சரியானதக் குடுத்தேன். அப்புறம் மூணு இட்லி துன்னாரு. என்னாண்ட கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே, சுமதி!"

அப்பாடா! அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், நம்பு.

அழுது முடித்ததும்தான் கேட்டேன். "அண்ணி, தப்பா சொல்லுதுன்னு அவர் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே?"

"எப்டி சொல்லுவாரு? மொத தபா குத்தம் சொன்னதுக்கு, சோத்துல கை வச்சவ எழுந்து போய்ட்ட. பத்து நாளு போன எடுக்கல. 'புள்ள கஷ்டப்பட்டு செஞ்சிகீது, வுடு'ன்னாரு. அதுலேந்து உன்னாண்ட எல்லாத்துக்கும் நல்லா கீது, நல்லா கீதுன்னே சொல்லிகினு இருந்தாரு."

அடப்பாவி அண்ணா! ஆவடி ஃபேக்டரியில் முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவன் நீ. மயிரிழை கூடுதலாக இருந்தால்கூடச் சாமானைத் திருப்பி அனுப்பி, சூப்பர்வைசரிடமே மல்லுக்கு நின்றவன். தங்கச்சி செய்ததற்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போட்டாயே, இது நியாயமா? உன்னைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் அண்ணி போட்ட காபியை ஆறவிட்டேன். சொந்த அண்ணனைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொன்ன என் புத்தியை எதால் அடிப்பது?

உன்னிடம் அது செய்த மற்ற தப்புகளையும் அண்ணி விரல்விட்டுச் சொன்னார். ஒன்பது. அத்தனையையும் எழுதிக்கொண்டு போய் எங்கள் தலைவரிடம் கொடுத்தேன். வெளியீடு தள்ளிப் போய்விட்டது. ஒரு வாரமாக மாணவர்கள் ஆளுக்கொரு கத்தரிக்கோலோடு அட்டைகளை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அந்தத் துண்டு அட்டையைக் காட்டினால் செயலி, "பேர் வெட்டுப்பட்டிருக்கு. எனக்குத் தெரியலை. பக்கத்துல யாரையாவது கேளுங்க" என்கிறது. அதை முதல் தடவை கேட்டபோது அறையே கைதட்டியது. எனக்கும் அப்படியொரு நிம்மதி.

இந்த முறை சோதித்துப் பார்க்க, எனக்கு உறவே இல்லாத ஆட்களாகத் தேடிப் பிடித்திருக்கிறோம். அதில் நூம்பலிலிருந்து வருகிற கமலம்மாவுக்குப் பார்வை கிடையாது, தயவு தாட்சண்யமும் கிடையாது. நேற்று சொட்டு மருந்துப் பாட்டிலைக் காட்டிவிட்டு, "இன்னாமா நீ, கண்ணு மருந்தப் போயி காது மருந்துங்குது? இத வச்சிகினு நாங்க குருடாவே இருந்துட்டுப் போறோம்" என்றார். சுருக்கென்றது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டேன், அண்ணா. பிறகு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "வேற என்ன தப்பும்மா?" என்று கேட்டேன். ஒரு மணி நேரம் சொன்னார்.

இனி யார் குற்றம் சொன்னாலும் எழுந்து போக மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. ஆனாலும் நீ என்னிடம் சொல்லியிருக்கலாம். பத்து நாள் கோபித்துக்கொண்டு, பதினோராம் நாள் உன் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பேனே.

உன் கோபக்காரத் தங்கச்சி,
சுமதி