சாணி ஒட்டிய பால்பல்

பீரோவின் அடித்தட்டைத் துடைக்கும்போது இன்று காலை அந்தத் தீப்பெட்டி கைக்கு வந்தது. திறந்தால் காய்ந்த சாணி வாடை. உள்ளே ஒரு குழந்தையின் முன்பல். மேலே உன் கோணல் கையெழுத்தில் ‘சுமதி மகன்’ என்று இருக்கிறது. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. எனக்கு அழுகை வரவில்லை, என்மேலேயே அருவருப்புதான் வந்தது.

கிராமத்துப் பிள்ளைகள் சிலருக்குப் பேச்சு வராததும் ஓரிடத்தில் உட்கார முடியாததும் எதனால் என்று கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி அது. வீடு வீடாகக் கேட்டு எழுதுவது நம் இரண்டு பேர் வேலை. ரெட்டியார்பாளையத்தில் என்னை ஏற்றிக்கொண்டு உன் ஸ்கூட்டர் கிளம்பினால் திரும்பச் சாயங்காலம் ஆகும். கருவிலிருந்தே உடம்பில் ஏறிய ஈயம் பால்பல்லில் தங்கியிருக்கும், விழுந்த பல்லை வாங்கி வாருங்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவது நம் பக்கத்து வழக்கம் என்று அந்த ஏ.சி. அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை. பாதி வீடுகளில் பல் போய்விட்டிருந்தது.

சுமதி மட்டும் எறியப்போன கையை இழுத்துக்கொண்டு, சாணி உருண்டையோடு தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தாள். ஏழு வயது மகன் அவள் முந்தானையைப் பிடித்தபடி நின்றான், அவனுக்கும் பேச்சு வரவில்லை. இது வீணாகிவிட்டது என்று நான் சிரித்தேன். நீ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாய்.

“கழுவிட்டா பல்லு பல்லுதான்டி,” என்றாய் என்னிடம்.

சுமதி உன் முகத்தையே பார்த்தாள். “எங்க மாமியா என் வயித்துலதான் கோளாறுங்கறாங்க. பின்னாடி கொட்டாயில பேட்டரி உடைச்சு ஈயம் உருக்கறாங்களே, அந்தப் பொகையாலயான்னு பாத்துச் சொல்லுங்கக்கா. ரெண்டாவது பெத்துக்கலாமான்னு தெரிஞ்சிக்கணும்.”

கண்டிப்பாகச் சொல்கிறோம் என்றாய்.

அந்தப் பற்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போகவே இல்லை. ஆராய்ச்சி முடிந்து அலுவலகத்தைக் காலி செய்த அன்று, குப்பைத்தொட்டியில் எச்சில் டீக் கப்புகளோடு கிடந்தன. நீ கையை விட்டுத் துழாவினாய். இந்தத் தீப்பெட்டி ஒன்றுதான் நசுங்காமல் கிடைத்தது. என் பையில் திணித்து, “பத்திரமா வெச்சிரு, அவ கேப்பா,” என்றாய்.

பிறகு கடற்கரை ஓட்டலில் அறிக்கை வெளியீடு. முக்கியக் காரணம் சொந்தத்தில் கல்யாணம் என்று ஆராய்ச்சித் தலைவர் வாசித்தார். எல்லோரும் மீன் கட்லெட்டை மென்றுகொண்டே தலையாட்டினார்கள். சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள் பட்டியலில் சுமதி பெயரும் இருந்தது. அவளுக்கும் அவள் புருஷனுக்கும் கல்யாணத்துக்கு முன் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அதை நாமே எழுதிக் கொடுத்திருந்தோம். நீ தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாய். நான் சாப்பிட்டு முடித்துத்தான் வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் வாயே எனக்கு நாறுகிறது.

போன வாரம் அரியாங்குப்பம் பஸ் நிறுத்தத்தில் சுமதியைப் பார்த்தேன். பையன் வளர்ந்துவிட்டான், இன்னும் முந்தானையை விடவில்லை. இரண்டாவது பிள்ளை இல்லை. ரிசல்ட் வந்துவிட்டதா என்று கேட்டாள். உன்னையும் விசாரித்தாள். ரிசல்ட் வரும் என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். சீ, என்ன பிழைப்பு இது.

பல்லை நான் கழுவவில்லை. தீப்பெட்டி இப்போது என் கைப்பையில் இருக்கிறது. நாளைக்கு அவள் வீட்டுக்குப் போகிறேன். “சுமதி, உன் வயிற்றில் கோளாறு என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை, இந்தப் பெட்டியை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை” என்று அவள் மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லப்போகிறேன்.